பாட்டிக்கு நூறா தொண்ணூத்தாறா? கணக்கு தெரிஞ்சவங்க கொஞ்சம் வாங்க

செந்தூல்பேரன் | செவ்வாய், இரவு 10:42

வணக்கம் மக்களே. நான் இங்க ரொம்ப நாளா சத்தமில்லாம படிச்சிட்டுப் போற ஆளு, முதல் தடவையா இழை தொறக்கறேன், தப்பான பகுதியில போட்டிருந்தா நெறியாளர் மாத்தி விடுங்க.

விஷயம் என்னன்னா, எங்கம்மாவ பெத்த பாட்டி கோலாலம்பூர் (கே.எல்.) செந்தூல்ல எங்ககூடதான் இருக்காங்க. வர்ற சித்திரையில 100வது பிறந்தநாள்னு சொல்லி சின்ன மாமா ஹால் புக் பண்ணிட்டாரு, சாப்பாட்டுக்கு அட்வான்ஸ் கட்டியாச்சு, பேனருக்கு போட்டோ கூட எடுத்து வச்சாச்சு. இப்பப் போய் பெரிய மாமா ஐசிய (அடையாள அட்டை) மேசையில வச்சு "1930-ன்னு போட்டிருக்கு, கூட்டிப் பாரு, தொண்ணூத்தாறுதான் வருது, ஊரே சிரிக்கும்"னு ஒரே சண்டை. பாட்டிகிட்ட கேட்டா வெத்தலைய இடிச்சுகிட்டே "நூறு போன வருஷமே ஆயிருச்சு, நீங்கதான் கவனிக்கல"ங்கறாங்க.

பாட்டிக்கு வருஷம் சொல்லத் தெரியாது, ஆனா சம்பவம் சொல்லுவாங்க. சின்ன வயசுலேர்ந்து நாங்க கேட்டு வளந்த கதைங்க இதெல்லாம். சின்னக் கொழந்தையா ரஜூலா கப்பல்ல வந்தாங்க, டெக்குல ஓடி கடல்ல விழுந்துடக் கூடாதுன்னு அவங்க அம்மா கால்ல கயிறு கட்டி ட்ரங்குப் பொட்டியோட முடிஞ்சு வச்சிருந்தாங்களாம். கிள்ளான் பக்கம் தோட்டம். பத்துமலையில மரப்படி ஏறியிருக்காங்க. தோட்டத்துல பெரிய ஸ்டிரைக் நடந்தப்ப தனி நிரையில (ஒரு ஆளுக்குன்னு ஒதுக்கின ரப்பர் மர வரிசை) பால் மரம் வெட்டிகிட்டு இருந்தாங்க. சப்பான்காரன் வந்த மாசியில அவசர அவசரமா கல்யாணம், மாப்பிள்ள செந்தூல் ரயில்வே ஒர்க்ஷாப்பு. அப்புறம் வெள்ளக்காரன லோரியில ஏத்தி சயாமுக்கு (தாய்லாந்து, சப்பான்காரன் ரயில் பாதை போட ஆள் புடிச்சுட்டுப் போன எடம்) கொண்டு போனது, அதச் சொல்லும்போது மட்டும் அழுவாங்க. அப்புறம் செந்தூல்ல குண்டு போட்டது.

இத வச்சு பாட்டி எந்த வருஷம்னு யாராச்சும் கணக்குப் போட்டு சொல்ல முடியுமா? (ஊர் விவரம் ஒண்ணு ரெண்டு மாத்திதான் போட்டிருக்கேன், தோட்டம் எதுன்னு கேக்காதீங்க.)

கணக்கன்71 | செவ்வாய், இரவு 11:20

தம்பி, வாழ்த்து மொதல்ல. ஆனா மனச தேத்திக்கங்க, நூறு வயசுன்னு சொல்ற பத்துப் பேர்ல ஒம்பது பேருக்கு நூறு இருக்காது. என் பெரியப்பா 102-ன்னு சொல்லி சொல்லியே போய் சேந்தாரு, அப்புறம் பேப்பர் எடுத்துப் பாத்தா 91.

ரெண்டு விஷயம் இடிக்குது. ஒண்ணு ரஜூலா. அது 1926-ல ஸ்காட்லாந்துல கட்டின கப்பல். மலாயாத் தமிழன் எவன கேட்டாலும் எங்க தாத்தா ரஜூலாவுலதான் வந்தாருங்கறான், ரஜூலா பொறக்கறதுக்கு முன்னாடி வந்தவன் கூட அதுலதான் வந்திருக்கான்! 73 வரைக்கும் ஓடிச்சா, அதனால எல்லா கப்பலுக்கும் நம்ம ஆளுங்க வாயில அந்தப் பேருதான்.

ரெண்டாவது, ஐசி நம்பர்ல நடு ரெண்டு எண் என்ன? இங்க நம்பரப் போட வேணாம், அது மட்டும் சொல்லுங்க. 10-ன்னு இருந்தா சிலாங்கூர்ல பொறந்தவங்கன்னு அர்த்தம். சிலாங்கூர்ல பொறந்த கொழந்த எதுக்கு கப்பல்ல வரணும்?

செந்தூல்பேரன் | செவ்வாய், இரவு 11:31

அட ஆமா. 10-தான் அங்கிள். இத்தன வருஷமா ஐசிய போட்டோஸ்டாட் எடுத்திருக்கேன், ஒரு நாளும் தோணல.

மலாயாமல்லி | புதன், காலை 7:05

கணக்கன் அண்ணே காலங்காத்தால ஒரு பாட்டிய பொய்யாக்கிட்டீங்களே. நான் தோட்டத்துல பொறந்து வளந்தவ, எங்கம்மா நாப்பது வருஷம் பால் வாளிக் காண்டா தூக்கினவங்க, அதனால நிரை விஷயத்துல எனக்கு வாய் உண்டு.

பேரன் சார், பாட்டி சொல்ற ஸ்டிரைக்கு 1941 கிள்ளான் ஸ்டிரைக்கா இருக்கணும். மார்ச்சுல ஆரம்பிச்சு மே வரைக்கும் ஒவ்வொரு தோட்டமா பரவிச்சு, தலைவரு ஆர்.எச். நாதன மேயில புடிச்சு உள்ள போட்டு அப்புறம் நாடு கடத்தினாங்க, பட்டாளம் வந்து சுட்டதுல அஞ்சு தொழிலாளி செத்தாங்க. கேட்டது என்ன பெருசா? சீனனுக்கு குடுக்குற கூலி எங்களுக்கும் குடு, கள்ளுக்கடைய மூடு, பொம்பளைங்ககிட்ட வாலாட்டாத, புள்ளைங்களுக்கு ஒழுங்கா பள்ளிக்கூடம் வையி, தொர எதுர வந்தா சைக்கிள விட்டு எறங்கச் சொல்லாத. அந்த சைக்கிள் விஷயத்த பாட்டிகிட்ட கேட்டுப் பாருங்க, அங்க இருந்தவங்களுக்கு அது மறக்காது.

இப்ப கணக்கு. 1930-ல பொறந்திருந்தா 41-ல பதினோரு வயசு. பதினோரு வயசுப் புள்ள புல்லு புடுங்கும், ஒட்டுப்பால் பொறுக்கும், ஆயாக்கொட்டகையில கொழந்த பாத்துக்கும். தனி நிரை குடுக்க மாட்டாங்க. பட்டைய ஆழமா வெட்டிட்டா மரம் கெட்டுரும், மண்டோரு (மேஸ்திரி) விடவே மாட்டாரு. தனி நிரைன்னா பதினஞ்சு பதினாறாச்சும் இருக்கணும்.

272படி | புதன், காலை 9:48

பத்துமலைக்கு ஒரு சின்ன குறிப்பு. மரப்படி கட்டினது 1920, அத எடுத்துட்டு காங்கிரீட் படி வந்தது 1940 வாக்குல. மரப்படி ஏறின ஞாபகம் இருக்குன்னா அதுக்கு முன்ன. ஆனா இது 1930-ல பொறந்தவங்களுக்கும் பொருந்தும், பத்து வயசுல ஏறியிருக்கலாம். அதனால இது ரெண்டு கட்சிக்கும் ஓட்டு இல்ல.

ரயில்வேகுவாட்டர்ஸ் | புதன், மாலை 4:15

எனக்கு வயசு 78, அப்பா செந்தூல் ஒர்க்ஷாப்புல பாய்லர் செக்ஷன், நான் பொறந்தது வளந்தது எல்லாம் குவாட்டர்ஸ்லதான். தட்டச்சு மெதுவாதான் வரும் பொறுத்துக்குங்க.

குண்டு போட்டது 1945 பிப்ரவரியில ஒரு தடவ, மார்ச் 10-ந்தேதி இன்னொரு தடவ. ரெண்டுமே பி-29, அமெரிக்காக்காரன். சப்பான்காரன் ரயில் எஞ்சின் ரிப்பேர் பண்ற எடம்னு ஒர்க்ஷாப்புக்கு குறி. மார்ச்சு மாசக் குண்டுல ஒண்ணு தள்ளிப் போயி சிலாங்கூர் மியூசியத்தோட ஒரு பக்கத்த தரைமட்டம் ஆக்கிருச்சு, அந்த எடத்துலதான் இப்ப நெகாரா மியூசியம் (தேசிய மியூசியம்) நிக்குது. எங்கப்பா சொல்லுவாரு, சங்கு ஊதி முடிக்கறதுக்குள்ள ஆளுங்க ட்ரெயினுக்கு அடியில பூந்தாங்கன்னு. பாட்டிக்கு அப்ப கொழந்த இருந்துச்சா? அத கேளுங்க. கொழந்தைய தூக்கிட்டு ஓடினவங்க அத தப்பா சொல்ல மாட்டாங்க.

இன்னொண்ணு. தாத்தா ஒர்க்ஷாப்பு ஆளுன்னா அதனாலதான் சயாமுக்கு போகாம தப்பிச்சிருப்பாரு. கைவேல தெரிஞ்சவன சப்பான்காரன் இங்கயே வச்சுகிட்டான்.

செந்தூல்பேரன் | புதன், இரவு 9:30

ரயில்வே அங்கிள், கேட்டேன்! பெரிய மாமா அப்ப ஒம்பது மாசக் கொழந்தையாம், வாயில துணிய வச்சு குழிக்குள்ள கெடந்தாங்களாம், "அழுதா மேல இருக்கறவனுக்கு கேட்டுரும்னு நெனச்சேன் அவ்ளோதான் எனக்கு அறிவு"ன்னு சிரிக்கறாங்க. இதுல கூத்து என்னன்னா, பெரிய மாமாவோட பழைய பொறப்பு சூராட்ட (சர்டிபிகேட்) எடுத்துப் பாத்தா வருஷம் 2604-ன்னு இருக்கு. இத்தன நாளா அது ஏதோ பைல் நம்பர்னு நெனச்சிகிட்டு இருந்திருக்கோம்.

சைக்கிள் விஷயமும் கேட்டேன் மல்லி அக்கா. பாட்டி ஒடனே எந்திரிச்சு நின்னு காட்டினாங்க, சைக்கிள்லேர்ந்து எறங்கி, தலத் துண்ட எடுத்து கக்கத்துல வச்சு, ஓரமா ஒதுங்கி எப்படி நிக்கணும்னு. அவங்க அப்பா நின்ன மாதிரியாம். நூறு வயசு பொம்பள, முட்டி வலி, இதுக்கு மட்டும் எந்திரிச்சாங்க.

கணக்கன்71 | புதன், இரவு 9:52

2604 சப்பான் வருஷம். 660 கழிச்சா 1944. அவங்க ராஜா கணக்கு.

சரி, 1944-ல கொழந்த. 1930-ன்னா பதினாலு வயசுல பெத்தாங்கன்னு ஆகும். அந்தக் காலத்துல நடக்காதது இல்ல, ஆனா கொஞ்சம் இடிக்குதுன்னு ஒத்துக்கறேன். மல்லிக்கு அர மார்க்.

நேதாஜிய பாத்தேன்னு சொல்றாங்களா? அத வச்சும் 1943-ன்னு ஒரு முடிச்சு போடலாம்.

செந்தூல்பேரன் | புதன், இரவு 10:10

அதையும் கேட்டேன் அங்கிள். "நான் பாக்கல. இவனுங்கதான் பாத்தேன்னு சொல்லு சொல்லுங்கறானுங்க"ன்னாங்க. நேதாஜி படைக்கு நக குடுத்தீங்களான்னு கேட்டா, "எல்லாப் பொம்பளையும் கழட்டி குடுத்தாளுங்க, குடுக்க என்கிட்ட என்ன இருந்துச்சு, கழுத்துல மஞ்சக் கயிறு"ன்னாங்க.

கணக்கன்71 | புதன், இரவு 10:14

இப்பதான் எனக்கு பாட்டி மேல நம்பிக்கை வருது. நேதாஜிய பாக்கலன்னு சொன்ன மொத மலேசியப் பாட்டி இவங்கதான்.

பினாங்_லோரோங் | வியாழன், காலை 6:40

இழை நல்லா போகுது, நான் வேற ஒண்ணு கேக்கறேன். பாட்டி கடிகாரம் எந்த டைம்ல ஓடுது? எங்க பினாங்குல ஒரு ஆத்தா இருந்தாங்க, சாகற வரைக்கும் அர மணி நேரம் பின்னாடிதான் வச்சிருந்தாங்க.

செந்தூல்பேரன் | வியாழன், காலை 7:22

அய்யோ எப்படி கண்டுபுடிச்சீங்க!! தாத்தாவோட செவுத்துக் கடிகாரம், இப்பவும் அர மணி நேரம் பின்னாடிதான். யாராச்சும் சரி பண்ணிட்டா மறுபடி திருப்பி வச்சிருவாங்க. புது நேரத்துக்கு "மகாதீர் டைம்"னு பேரு. டாக்டர் பத்து மணிக்கு வரச் சொன்னா "மகாதீர் பத்தா நம்ம பத்தா"ன்னு கேப்பாங்க.

பினாங்_லோரோங் | வியாழன், காலை 7:40

அதேதான். மகாதீர் பிரதமரா இருந்தப்ப 1982 ஜனவரி 1-ந்தேதி அர மணி நேரம் முன்னாடி தள்ளி வச்சாங்க, சபா சரவாக்கோட ஒண்ணாக்கணும்னு. ஆனா அது கடைசிதான், அதுக்கு முன்னாடியே இந்த ஜனங்க கடிகாரத்த எத்தன தடவ திருப்பினாங்க தெரியுமா. 1933-ல 20 நிமிஷம் கூட்டினான். 1941-ல இன்னொரு 10 நிமிஷம். சப்பான்காரன் வந்ததும் தோக்கியோ டைம், ஒரேயடியா ஒன்றர மணி நேரம். 45-ல மறுபடி பழையபடி. உங்க பாட்டி நூறுன்னா இது அத்தனையும் பாத்திருக்காங்க.

மலாயாமல்லி | வியாழன், காலை 8:15

தோக்கியோ டைம்! எங்க பாட்டியும் சொல்லுவாங்க. மரம் வெட்டறது விடியாக்காலம், வெயில் ஏற ஏற பால் நின்னுரும். கடிகாரம் ஏழுங்குது, வானம் இன்னும் அஞ்சரையிலேயே நிக்குது, ஏழு மணி பெரட்டுக்கு (காலையில ஆள் கணக்கெடுக்கறது) லாந்தர் எடுத்துட்டுப் போனாங்களாம். "மரத்துக்கு சப்பான் பாஷ தெரியுமா"ன்னு ஒரு கெழவரு பெரட்டுக்களத்துலேயே கேட்டு அற வாங்கினாராம்.

சரி நான் ரெண்டு நாளா கேக்கணும்னு நெனச்ச ஒண்ணு. பேரன் சார், வெள்ளக்காரன சயாமுக்கு கொண்டு போனத சொன்னா பாட்டி அழுவாங்கன்னீங்களே. தோட்டத்துப் பொண்ணு, தொரைக்கு எதுர அப்பா சைக்கிள விட்டு எறங்கினத பாத்த பொண்ணு, வெள்ளக்காரனுக்காக எதுக்கு எண்பது வருஷமா அழணும்?

கணக்கன்71 | வியாழன், காலை 8:50

அது ஒண்ணும் அதிசயம் இல்ல. 42-ல புடிபட்ட வெள்ளக்கார சிப்பாய்ங்கள கே.எல். புடு ஜெயில்ல அடைச்சு வச்சிருந்தான், அங்கேர்ந்து பல பேர சயாமுக்கு அனுப்பினான். ரோட்டுல எலும்பும் தோலுமா நடத்திக் கூட்டிட்டுப் போறத ஜனங்க பாத்திருக்காங்க. பாத்தவங்க மனசு எளகியிருக்கும்.

செந்தூல்பேரன் | வியாழன், மதியம் 1:05

நாங்களும் அப்படித்தான் நெனச்சோம். வீட்டுல கிண்டல் கூட பண்ணுவோம், பாட்டிக்கு வெள்ளக்காரன் மேல என்ன பாசம்னு. "அவன் சட்ட கூட போடல, அப்படியே ஏத்திட்டான்"னு சொல்லுவாங்க.

இப்ப அம்மா ஒண்ணு சொல்றாங்க. 1971 ஜனவரி பெரிய வெள்ளத்தப்ப அம்மாவுக்கு பதிமூணு வயசு, வீட்டுக்குள்ள முட்டி அளவு தண்ணி, எல்லாரும் சாமான மேல ஏத்தறாங்க, பாட்டி மட்டும் கட்டில்ல ஒக்காந்து தண்ணியப் பாத்துகிட்டு "வெள்ளக்காரா, வெள்ளக்காரா"ன்னு பொலம்பினாங்களாம். பயத்துல உளர்றாங்கன்னு விட்டுட்டாங்க.

மலாயாமல்லி | வியாழன், மதியம் 1:20

பேரன் சார், பாட்டிக்கு தம்பி இருந்தாரா?

செந்தூல்பேரன் | வியாழன், மதியம் 1:24

இருந்தாருன்னு கேள்வி. சின்ன வயசுலேயே தவறிட்டாரு. ஏன்?

மலாயாமல்லி | வியாழன், மதியம் 1:41

எங்க தோட்டத்துல 69 மே மாசம் ஊரடங்குல பொறந்த ஒருத்தரு இருக்காரு, பேரன் பேத்தி எடுத்துட்டாரு, இன்னிக்கும் அவருக்குப் பேரு கர்ப்யூ. லயத்துல (தோட்டத்து வீட்டு வரிசை) அப்படித்தான், என்ன நடந்தப்ப பொறந்தியோ அதான் பேரு.

1926 டிசம்பர்ல மலாயா பூரா பெரிய வெள்ளம். கே.எல். டவுன் தண்ணியில நிக்கற பழைய போட்டோ பாத்திருப்பீங்க, அதான். அந்த வெள்ளத்துல ஒரு பையன் பொறந்திருந்தா அவன என்னன்னு கூப்பிட்டிருப்பாங்க? வாய்விட்டு சொல்லிப் பாருங்க.

272படி | வியாழன், மதியம் 1:44

வெள்ளக்காரன்.

எனக்கு புல்லரிக்குது.

செந்தூல்பேரன் | வியாழன், மதியம் 1:46

நான் ஆபீஸ்ல இருக்கேன். இன்னிக்கு சீக்கிரம் கெளம்பறேன்.

செந்தூல்பேரன் | வெள்ளி, அதிகாலை 12:58

நீளமா போகும், மன்னிச்சுக்குங்க, தூக்கம் வரல.

வீட்டுக்குப் போனதும் நேரா கேக்கல. பாட்டிக்கு காப்பி போட்டுக் குடுத்துட்டு பக்கத்துல ஒக்காந்து, "பாட்டி, வெள்ளக்காரன் கருப்பா செவப்பா"ன்னு கேட்டேன். அவ்ளோதான் கேட்டேன். டம்ளர கீழ வச்சிட்டு "அட்டக்கரி"ன்னாங்க. "அட்டக்கரிடா அவன், பல்லு மட்டும்தான் வெள்ள. அவனப் போயி வெள்ளக்காரன்னு கூப்பிட்டா தோட்டமே சிரிக்கும், தொர கூட சிரிப்பான்."

அவரு பாட்டியோட தம்பிதான். வெள்ளம் லயத்துக்குள்ள வந்து, பாட்டியோட அம்மாவ ஸ்டோருக்கு மேல பரணுக்கு தூக்கிட்டுப் போயி, ரப்பர் ஷீட்டு அடுக்கி வச்ச எடத்துல பொறந்தாராம். "அந்த நாத்தத்துல பொறந்ததால அவனுக்கு மூக்கே வேல செய்யாது"ன்னு சொல்லி சிரிச்சாங்க. பாட்டி அப்ப நடக்கற புள்ள, தண்ணியில போயிடக் கூடாதுன்னு மறுபடியும் கால்ல கயிறு.

1943. அவருக்கு பதினாறு வயசு. தோட்டத்துல அரிசி குடுக்கறாங்கன்னு சொல்லி ஆம்பளைங்கள ஸ்டோருக்கு வரச் சொல்லியிருக்காங்க. பாட்டிக்கு கல்யாணம் ஆகி செந்தூலுக்கு வந்துட்டாங்க, அன்னிக்கு மரவள்ளிக்கெழங்கு வாங்க அம்மா வீட்டுக்குப் போயிருக்காங்க. தம்பி குளிச்சிகிட்டு இருந்திருக்காரு. இவங்கதான், "போடா, போயி அரிசிய வாங்கிட்டு வா, லேட்டா போனா தீந்துரும்"னு தொரத்தி விட்டது. சட்ட கூட போடாம துண்டோட ஓடினாரு. லோரி கெளம்பற சத்தம் கேட்டு இவங்க போறதுக்குள்ள பின்பக்கம் படுதாவ எறக்கிட்டாங்க.

இத எங்ககிட்ட சொல்லாம இல்ல. எண்பது வருஷமா சொல்லிகிட்டேதான் இருந்திருக்காங்க, வெள்ளக்காரன ஏத்திட்டுப் போனான், வெள்ளக்காரன் சட்ட கூட போடலன்னு. எங்க காதுல ஸ்கூல் பாடப் புத்தகம் இருந்துச்சு. நாங்க கிண்டல் பண்ணப்ப ஏன் பாட்டி திருத்தலன்னு கேட்டேன். "நீங்க சிரிச்சீங்க. அவன் பேரச் சொன்னா எப்பவும் எல்லாரும் சிரிப்பாங்க. நல்லாத்தானே இருந்துச்சு"ன்னாங்க.

கணக்கன்71 | வெள்ளி, காலை 6:30

தம்பி, நேத்து புடு ஜெயில் கதைய எடுத்து விட்டதுக்கு மன்னிச்சுக்கணும்.

நான் ஒரு தடவ சயாம்ல காஞ்சனபுரி போயிருக்கேன். சப்பான்காரன் போட்ட 415 கிலோமீட்டர் தண்டவாளம், 43 அக்டோபர்ல முடிச்சான். வெள்ளக்கார சிப்பாய்ங்க பன்னெண்டாயிரத்துக்கு மேல செத்தாங்க, அங்க இருக்கற பெரிய கல்லறத் தோட்டத்துல கிட்டத்தட்ட 7000 பேரு, புல்லு வெட்டி, பூச்செடி வச்சு, ஒவ்வொருத்தனுக்கும் ஒரு வெங்கலத் தகடு, பேரு, வயசு, பட்டாளம். நம்ம ஆளுங்களும் பர்மாக்காரனும் ஜாவாக்காரனும் அத விட பல மடங்கு செத்தாங்க, எத்தனன்னு ஆளுக்கு ஒரு கணக்கு சொல்றாங்களே தவிர பேர் எழுதி வச்சவன் யாரும் இல்ல. நான் அந்தத் தகட்டு வரிசையில நடந்து நடந்து ஒரு தமிழ்ப் பேராச்சும் இருக்குமான்னு தேடினேன். அங்க இருக்கறது அந்த வெள்ளக்காரன்தான், உங்க வெள்ளக்காரன் இல்ல.

கணக்குக்கு வர்றேன், எனக்குத் தெரிஞ்சது அதுதானே. தம்பி 1926 டிசம்பர். கப்பல்ல வரும்போது அம்மாவுக்கு மசக்கையான்னு கேட்டுச் சொல்லுங்க. ஆமான்னா கப்பல் 26 நடுவுல. ரஜூலா அப்ப ஓடவே இல்ல, வேற கப்பல். டெக்குல ஓடற புள்ள, கயிறு கட்டி வைக்கற அளவுக்கு, ஒரு வயசு தாண்டியிருக்கணும். அப்ப பாட்டி 1925 நடுவுக்கு இந்தப் பக்கம் இல்ல. நூறு போன வருஷமே ஆயிருச்சு. அவங்க சொன்னதுதான் சரி.

ஆனா 1930, சிலாங்கூர்னு ஐசியில எப்படி வந்துச்சு? அது எனக்குப் புரியல.

ரயில்வேகுவாட்டர்ஸ் | வெள்ளி, காலை 8:02

எனக்குப் புரியுது. வெளிப்படையா கேக்காதீங்க.

செந்தூல்பேரன் | வெள்ளி, இரவு 10:35

மசக்கை: ஆமா. "வாந்தி கடலாலயா தம்பியாலயான்னு எங்கம்மாவுக்கே தெரியலயாம்."

ஐசி விஷயத்துக்கும் பதில் கெடச்சிருச்சு. போடலாமா வேணாமான்னு அம்மாகிட்டயும் பாட்டிகிட்டயும் கேட்டேன், பாட்டி "என்ன இனிமே கப்பல் ஏத்துவானா"ன்னாங்க, அதனால எழுதறேன்.

பாட்டிக்கு ஒரு தங்கச்சி. 1930-ல தோட்டத்துலேயே பொறந்துச்சு, ரப்பர் வெல விழுந்து ஆளுங்கள கப்பல் கப்பலா ஊருக்குத் திருப்பி அனுப்பின சமயம், அது கைக்கொழந்தைங்கறதாலதான் இவங்க அப்பா ஊருக்குப் போகாம கம்மி சம்பளத்துக்கு ஒத்துகிட்டு இங்கயே கெடந்தாரு. நாலு வயசுல காய்ச்சல்ல போயிருச்சு. கிராணி (தோட்டத்து கிளார்க்) எழுதிக் குடுத்த பொறப்பு சூராட்டு மட்டும் பொட்டியில இருந்திருக்கு. 1948-ல கம்யூனிஸ்ட் சண்டையில அவசர காலம் வந்து ஐசி எடுக்கச் சொன்னப்ப, இங்க பொறக்காதவன சந்தேகம் வந்தா நாடு கடத்தலாம்னு சட்டம், தாத்தா வேற ஒர்க்ஷாப்பு யூனியன்ல கொஞ்சம் சத்தம் போடற ஆளு. தன்னைப் புடிச்சாலும் பொண்டாட்டிய கப்பல் ஏத்தக் கூடாதுன்னு அந்தப் பேப்பரக் காட்டி அந்தப் பேருலேயே எடுத்துக் குடுத்துட்டாரு.

அப்ப நாங்க பாட்டி பேருன்னு நெனச்சுகிட்டு இருக்கறது, கல்யாணப் பத்திரிகையில எல்லாம் போட்டது, அந்த நாலு வயசுக் கொழந்தையோட பேரு. கிளினிக்குல அந்தப் பேர கூப்பிட்டா பாட்டி ஒடனே எந்திரிக்க மாட்டாங்க, ரெண்டு தடவ கூப்பிடணும். காது மந்தம்னு ஹியரிங் எய்டு எல்லாம் வாங்கினோம்.

வீட்டுல இவங்களுக்குப் பேரு பெரியபுள்ள. அது சின்னபுள்ள.

மலாயாமல்லி | வெள்ளி, இரவு 11:02

தாத்தா செஞ்சது சரின்னுதான் நான் சொல்லுவேன், யாரு வேணா வந்து சட்டம் பேசட்டும். எங்க பாட்டி உண்மைய சொன்னவங்க. தஞ்சாவூர்ல பொறந்தேன்னு சொன்னாங்க, குடியுரிமை இல்லாதவங்களுக்கான சிவப்பு ஐசி குடுத்தாங்க. 69-ல குடியுரிமை இல்லாதவங்க பெர்மிட் எடுக்கணும்னு வந்தப்ப பக்கத்து வீடு எல்லாம் மூட்ட கட்டிட்டு ஊருக்குப் போச்சு, இவங்க ஒத்தக் காலுல நின்னு இங்கயே இருந்தாங்க. குடிமக்களோட நீல ஐசிக்கு மூணு தடவ எழுதிப் போட்டு, மூணு தடவயும் மலாய் இண்டர்வியூவுல போச்சு. ஒரு தடவ ஆபீசர் என்னமோ கேக்க, இவங்களுக்குத் தெரிஞ்ச மலாய் பூரா பாசார்ல மீன் வாங்கற மலாய், "மாஹால் லா"ன்னு (வெல ஜாஸ்தி) சொல்லிட்டு வந்துட்டாங்க. சிவப்பு ஐசியோடதான் எரிச்சோம்.

நெறியாளர் | வெள்ளி, இரவு 11:40

குடும்ப அடையாளம் தெரியற மாதிரி இருந்த ரெண்டு வரிய மேல நீக்கியிருக்கேன். யாரும் பாட்டியோட பேரையோ ஐசி விவரத்தையோ கேக்க வேணாம். இழை தொறந்தே இருக்கட்டும்.

செந்தூல்பேரன் | சித்திரை விழா முடிஞ்ச ஞாயிறு, இரவு 11:15

ரெண்டு மாசம் கழிச்சு வர்றேன், கோவிச்சுக்காதீங்க. விழா நல்லபடியா முடிஞ்சுது. பெரிய மாமாவே வந்து பேனர்ல 100-ன்னு போடச் சொல்லிட்டாரு, பேரு போடல, "பெரியபுள்ளைக்கு"ன்னு மட்டும். கேட்டரிங்காரன் ஸ்பெல்லிங் தப்பா இருக்கான்னு ரெண்டு தடவ போன் போட்டான்.

எட்டு மணிக்கு கேக்குன்னு சொல்லியிருந்தோம். தாத்தா கடிகாரத்த வீட்டுலேர்ந்து கழட்டிக் கொண்டு வரச் சொல்லி பாட்டி ஒரே பிடிவாதம், மேசை மேல சாச்சு வச்சோம். எட்டாச்சு, எல்லாரும் கைத்தட்ட ரெடி, புள்ளைங்க கேக்கச் சுத்தி நிக்குதுங்க, பாட்டி கத்தியத் தொடல. கடிகாரத்தக் காட்டி "இன்னும் ஆகல"ன்னாங்க. நூத்தம்பது பேரு அர மணி நேரம் காத்துகிட்டு இருந்தோம், பிரியாணி ஆறிப் போச்சு.

கணக்கன்71 | ஞாயிறு, இரவு 11:32

நல்லா இருக்கட்டும். தம்பி, ஒரே ஒரு கேள்வி, இத கேக்காம எனக்கு தூக்கம் வராது. வெள்ளக்காரனோட சொந்தப் பேரு என்ன? பேரும் தோட்டமும் இருந்தா எங்கயாச்சும் எழுதியாச்சும் வைக்கலாம். இங்க போட வேணாம், தனி மெசேஜ்ல.

செந்தூல்பேரன் | ஞாயிறு, இரவு 11:50

விழாவுக்கு முந்தின ராத்திரியே கேட்டேன் அங்கிள். ரொம்ப நேரம் யோசிச்சாங்க. "வெள்ளக்காரன்னுதானே கூப்பிடுவோம்"னாங்க. அப்புறம், "படுத்து எந்திரிச்சா ஞாபகம் வரும்"னு சொல்லிட்டு கடிகாரத்துக்கு சாவி குடுத்துட்டு படுத்துட்டாங்க. இன்னும் வரல. தெனம் காலையில காப்பி குடுக்கும்போது கேட்டுகிட்டுதான் இருக்கேன்.